காட்டுங்கள் என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுவார் உண்டு. இசை பேசுவார் உண்டு. ரெயில்வே பண்டகசாலையில் பேரேடு எழுதும் எங்களைப் போன்றோரை அழைத்து, "நீங்கள் அலுவலகத்தில் புதிதாகக் கற்றதைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது சற்றுத் தயங்கினோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு வேலையில் புகுந்த எங்களிடம் மேடையில் வைக்கத்தக்க கல்வி ஏது என்று எண்ணினோம். ஆயினும், நாற்பது வயதைக் கடந்தபின் நாங்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதைக் கற்கும் வழியில் நாங்கள் செய்த பெரும்பிழையும் ஒன்று உண்டு. அவ்விரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நம் காலனிக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் நம்பிக்கையோடு நிற்கிறோம். அப்பாடத்தின் பெயர் தணிக்கை.

தணிக்கை என்றவுடன் நம்மவர்க்கு இரண்டே நினைவுகள் எழும். ஒன்று கணக்குத் தணிக்கை; மற்றொன்று திரைப்படத் தணிக்கை. நாங்கள் சொல்ல வந்தது மூன்றாவது ஒன்று. அது தர நிர்வாக முறையின் தணிக்கை. ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் பொருள் இன்று நன்றாயிருக்கிறது. நாளையும் நன்றாயிருக்கும் என்பதற்கு உறுதி என்ன? கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் தரமும் அவரோடு போய்விடலாமா? போகாமலிருக்க வேண்டுமானால், வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்று முறை வகுக்க வேண்டும். வகுத்தபடி நடக்க வேண்டும். நடந்ததற்குச் சான்று வைக்க வேண்டும். பிழை கண்டால் மீண்டும் நேராதபடி முறையையே திருத்த வேண்டும். இந்நான்கும் சேர்ந்ததே தர நிர்வாக முறை.

இதற்கென உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட விதித்தொகுதி ஒன்று இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. என்று சொல்லப்படும் பன்னாட்டுத் தர அமைப்பு 1947-ல் தோன்றியது. ஜெனீவா நகரில் அதன் தலைமையகம். அது 1987-ல் வெளியிட்ட விதித்தொகுதிக்கு ஐ.எஸ்.ஓ. 9001 என்று பெயர். பின்னர் 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அதில் பத்துப் பிரிவுகள். அவற்றுள் 9.2 என்னும் உட்பிரிவு, "குறித்த இடைவெளிகளில் உங்களை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள்" என்கிறது. 8.4 என்னும் உட்பிரிவு, "வெளியிலிருந்து வாங்குவதும் உங்கள் பொறுப்பே" என்கிறது. தணிக்கை செய்வது எவ்வாறு என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 19011 என்னும் தனி வழிகாட்டி நூலே இருக்கிறது.

தணிக்கை மூவகைப்படும். நம் வீட்டு மளிகைச் செலவை நாமே உட்கார்ந்து பார்ப்பது போல, ஓர் அலுவலகம் தன் மக்களைக் கொண்டே தன்னைப் பார்த்துக்கொள்வது முதல் வகை. இதுவே உள் தணிக்கை. அரிசி வாங்குவதற்குமுன் அரவை ஆலைக்கே சென்று பார்த்து வருவது போல, சரக்கு வழங்குவோரின் தொழிற்சாலைக்குச் சென்று பார்ப்பது இரண்டாம் வகை; சப்ளையர் தணிக்கை என்று நாங்கள் வழங்குவது இது. இரு தரப்பிலும் சேராத வெளியார் வந்து பார்த்துச் சான்றிதழ் அளிப்பது மூன்றாம் வகை. எங்களுக்கு வாய்த்தவை முதல் இரண்டும்.

எங்கள் பணிமனையில் எழுத்தர் ஐவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் எடுத்த ஆசிரியர் முதல் நாள் ஒரு செய்தி சொன்னார். ஆடிட் என்னும் ஆங்கிலச் சொல், "கேட்டல்" என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாம். பழங்காலத்தில் கணக்கை உரக்கப் படிப்பார்கள். தணிக்கை செய்பவர் அமர்ந்து கேட்பார். இதைக் கேட்டபோது எங்களுக்கு நம் தமிழ் நினைவு வந்தது. நம் மொழியில் கேள்வி என்னும் சொல் காதால் கேட்பதையும் குறிக்கும். வாயால் வினவுவதையும் குறிக்கும். நல்ல தணிக்கைக்கு இரண்டும் வேண்டும். வினவத் தெரிய வேண்டும். வினவியபின் வாய் மூடிக் கேட்கவும் தெரிய வேண்டும்.

வினவும் முறையையே ஒரு நாள் முழுதும் கற்பித்தார்கள். "அளவைக் கருவிகளையெல்லாம் காலந்தோறும் சரிபார்க்கிறீர்கள் அல்லவா?" என்று கேட்டால், "ஆம்" என்னும் விடைதான் வரும். "ஆம்" என்பது சான்று ஆகாது. "இக்கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? அதற்குரிய ஏட்டைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். யார், எது, எப்போது, எங்கே, எவ்வாறு, ஏன் என்னும் ஆறு வினாக்களுக்கும் பின்னே "காட்டுங்கள்" என்னும் ஒரு சொல் வர வேண்டும். தணிக்கை செய்பவரின் கையிலுள்ள ஒரே கருவி இச்சொல்தான் என்றார் ஆசிரியர்.

மற்றொன்றும் கற்றோம். எல்லாவற்றையும் பார்க்க எவராலும் இயலாது. மாதிரி எடுத்தே பார்க்க வேண்டும். ஆனால் அம்மாதிரியை நாம் எடுக்க வேண்டுமேயன்றி, தணிக்கைக்கு உட்படுவோர் எடுத்துத் தர விட்டுவிடலாகாது. அலமாரியிலுள்ள ஏதேனும் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். இது எந்த நாளில் வந்தது? யார் ஏற்றார்? எந்தச் சோதனைச் சான்றோடு வந்தது? எந்தக் கொள்முதல் ஆணையின்படி வந்தது? இடையில் எங்கேனும் கண்ணி அறுந்திருந்தால் அங்கே நின்றுவிட வேண்டும்.

குறை கண்டால் எழுதும் முறையும் உண்டு. அதை இணக்கமின்மை என்பார்கள். அலுவலக வழக்கில் என்.சி. அதற்கு மூன்று உறுப்புகள். விதி என்ன கேட்கிறது, நாம் கண்ணால் கண்டது என்ன, இரண்டும் எவ்விடத்தில் மாறுபடுகின்றன. இம்மூன்றும் இருந்தால் போதும். ஆளின் பெயர் வேண்டா. "கவனக்குறைவு", "பொறுப்பின்மை" போன்ற சுடுசொற்களும் வேண்டா. தணிக்கை முறையைப் பற்றியது, மனிதரைப் பற்றியதன்று.

பயிற்சியின் இறுதியில் தேர்வும் எழுதினோம், ஐவரும் தேறினோம். தேறிவிட்டதாலேயே கற்றுவிட்டோம் என்று எண்ணியதுதான் பிழைக்கு வித்து.

எங்கள் முதல் உள் தணிக்கைக்கு ஒதுக்கப்பட்டது ரப்பர்ப் பொருள்கள் வைக்கும் பிரிவு. அதைப் பார்த்துவந்தவர் வங்காளி நண்பர். வயதில் மூத்தவராதலால் தாதா என்றே அழைப்போம். பல ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்தியவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவர் வருவார். அவர் வீட்டுப் பூஜைக்கு நாங்கள் போவோம். அன்று சென்றவுடன் தேநீரும் சிங்காராவும் வரவழைத்தார். பின் கார்டுகளை அடுக்கி வைத்திருந்தார், எண்ணிக்கை ஒத்திருந்தது. அலமாரியின் முன்வரிசை அழகாக இருந்தது. கையிலிருந்த வினாப்பட்டியலில், "காலக்கெடு உள்ள பொருள்கள் கெடு கடக்குமுன் வழங்கப்படுகின்றனவா?" என்னும் வினா இருக்கத்தான் செய்தது. "எல்லாம் ஒழுங்குதானே தாதா?" என்றோம். "ஒழுங்குதான்" என்றார். பின்வரிசையைக் காட்டுங்கள் என்னும் இரண்டு சொற்கள் எங்கள் நாவில் வரவில்லை. மூத்தவரை ஐயுறுவது போலாகிவிடுமோ என்னும் கூச்சம் தடுத்தது. "பொருள்கள் முறைப்படி பாதுகாக்கப்பட்டு வருகின்றன" என்று எழுதிக் கையொப்பமிட்டு, நாற்பது நிமிடங்களில் திரும்பிவிட்டோம்.

அன்பர்களே, அப்பிரிவில் இருந்த ரப்பர் எத்தகையது என்பதைச் சொன்னால்தான் எங்கள் பிழையின் அளவு விளங்கும். ரெயில் வண்டியின் தடை காற்றழுத்தத்தால் இயங்குவது. வண்டியின் நீளம் முழுவதும் ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கும். ஓட்டுநர் அவ்வழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு பெட்டியின் அடியிலுமுள்ள டிஸ்டிரிபியூட்டர் வால்வு அதை உணர்ந்து தடையைப் பிடிக்கச் செய்யும். அவ்வால்வின் உள்ளே இருப்பவை மெல்லிய ரப்பர்த் தகடுகளும் வளையங்களும். ரப்பர் வைத்திருந்தாலே முதுமை அடையும் பொருள். வெயிலும் வெப்பமும் படாமல் வைத்தாலும் அதற்கென ஓர் ஆயுள் உண்டு. அதைக் கடந்தால் இறுகிப்போகும், வெடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள்.

இரண்டு மாதங்களுக்குப் பின் ஒரு நாள், வால்வுகளைப் பழுது பார்க்கும் பிரிவில், சோதனை மேடையில் ஏற்றிய வால்வுகளுள் சிலவற்றில் காற்றுக் கசிந்தது. பிரித்துப் பார்த்தார்கள். புதிதாகப் பொருத்திய வளையங்களே இறுகியிருந்தன. பொட்டலத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், கெடு கடந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. பழுது பார்த்த ஒவ்வொரு வால்வையும் சோதிக்காமல் வண்டியில் பூட்டுவதில்லை என்னும் முறை இருந்தமையால், அவற்றுள் ஒன்றும் பணிமனையை விட்டுப் போகவில்லை. எங்கள் தணிக்கை காக்கத் தவறியதை அச்சோதனை மேடை காத்தது.

அதிகாரி எங்களை அழைத்தார். மேசைமேல் எங்கள் அறிக்கை இருந்தது. அவர் சினந்துகொள்ளவில்லை. "எத்தனை பொட்டலங்களை எடுத்துத் தேதி பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுகூட இல்லை என்பதே விடை. அதை வாய்விட்டுச் சொல்ல எங்களுக்கு நெடுநேரம் ஆயிற்று. நாமும் நம் பிள்ளைகளும் விடுமுறைக்கு ஊர் போகும் வண்டிகளில் இருப்பதும் அவ்வால்வுதானே என்னும் எண்ணம் அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை.

தாதாவிடம் போய் நின்றோம். பழி எங்களுடையதும் ஆகும் என்றோம். அவர் சொன்ன மறுமொழி இன்றும் காதில் இருக்கிறது. "பின்வரிசையில் பழைய சரக்குத் தேங்கிக் கிடக்கிறது என்பது தெரியும் தம்பி. அலமாரியை நகர்த்த ஆள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். அன்று நீங்கள் காட்டச் சொல்லியிருந்தால் காட்டியிருப்பேன். நீங்கள் எழுதியிருந்தால் ஆளும் வந்திருக்கும்." கேளாமல் விட்டதை நட்புக்குச் செய்த மரியாதை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவருக்கு வர வேண்டிய உதவியைத் தடுத்தவர்கள் நாங்களே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பின்னர் காரணத்தை ஆராய்ந்தோம். திருத்தம் வேறு, திருத்த நடவடிக்கை வேறு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒழுகும் கூரையின்கீழ் பாத்திரம் வைப்பது திருத்தம். ஓட்டை மாற்றுவது திருத்த நடவடிக்கை. கெடு கடந்த பொட்டலங்களைத் தனியே பூட்டி வைத்தது திருத்தம். ஆனால் அவை ஏன் தேங்கின? அலமாரி சுவரை ஒட்டி இருந்தது. லாரி வந்து நிற்கும் அவசரத்தில் கலாசிகள் புதிய சரக்கை முன்னே வைத்துவிட்டுப் போவார்கள். முன்னே இருப்பதையே எடுத்தும் கொடுப்பார்கள். பழையது பின்னே தங்கிவிடும். புதியது வரத் தாமதமான ஒரு மாதத்தில் பின்வரிசை முன்னே வந்தது. கெட்டது வெளியே போயிற்று. பின் கார்டில் எண்ணிக்கைக்குக் கட்டம் உண்டு. தேதிக்குக் கட்டம் இல்லை. இதில் கலாசியின் குற்றம் எங்கே? தாதாவின் குற்றம் எங்கே? அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்புறமாக அடுக்கி முன்புறமாக எடுக்கும்படி செய்தார்கள். கார்டில் தேதிக்குக் கட்டம் சேர்த்தார்கள். கெடு முடிய ஆறு மாதமே உள்ள பொருள்களின் பட்டியல் இப்போது மாதந்தோறும் எடுக்கப்படுகிறது.

அப்பாடத்திற்குப் பின் எங்களைச் சப்ளையர் தணிக்கைக்கு அனுப்பினார்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர் என்பதைச் சொல்லமாட்டோம். தணிக்கையில் கண்டதை வெளியே பேசலாகாது என்பது இத்தொழிலின் அறங்களுள் ஒன்று. நம் நாட்டில் சுருள்வில் செய்யும் சிறு தொழிற்சாலைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று என்று கொள்ளுங்கள். பொறியாளர் ஒருவர் தலைமையில் சென்றோம். அவர் உலையையும் எந்திரங்களையும் பார்த்தார். ஏடுகளைப் பார்ப்பது எங்கள் பங்கு.

சுருள்வில்லை எந்திரத்தில் வைத்து அழுத்தி, எவ்வளவு சுமைக்கு எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து எழுதும் சோதனை ஏடு ஒன்று இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது; ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. இருபதாண்டுகளுக்கு மேலாக ஏடுகளோடு வாழும் எங்களுக்கு, எண்ணெய்க் கறை ஒன்றுகூடப் படாத தொழிற்சாலை ஏடு ஐயத்தையே தரும். பக்கங்களைப் புரட்டினோம். செப்டம்பர் 17 என்னும் தேதியில் 24 அளவுகள் எழுதியிருந்தன. அன்று விசுவகர்மா பூஜை! நம் ஊர் ஆயுத பூஜையைப் போல, இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எந்திரங்களுக்கு மாலை சூட்டி ஓய்வு கொடுக்கும் நாள். "வருகைப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்றோம். அதில் அன்று விடுமுறை என்று தெளிவாக இருந்தது.

உரிமையாளரின் முகம் மாறிற்று. தேதியில் நேர்ந்த கைப்பிழை என்றார். வேறு பக்கம் எழுதித் தருவதாகச் சொன்னார். சற்றுப் பொறுத்து இனிப்புப் பெட்டிகள் வந்தன. பணிவோடு திருப்பிக் கொடுத்தோம். சோதனை எந்திரத்தருகே நின்ற இளைஞர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வேலை எங்கள் பேனா முனையில் இருந்தது என்பதை உணர்ந்தோம். பொய்க்கணக்கு என்று எழுதிவிட்டால் அவரைத் துரத்திவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். எழுதாமல் விட்டால் சோதிக்காத வில் வண்டிக்குப் போகும். ஆகவே நாங்கள் கண்டதை மட்டும் எழுதினோம்: "சோதனை ஏட்டில் செப்டம்பர் 17-ஆம் நாள் 24 அளவுகள் பதியப்பட்டுள்ளன. வருகைப் பதிவேட்டின்படி அன்று தொழிற்சாலை விடுமுறை." அவ்வளவே. ஒரு சொல் கூட்டவில்லை; ஒரு சொல் குறைக்கவும் இல்லை.

எழுதிய பின்னர் அவ்விளைஞரிடம், "ஒரு நாளில் உங்கள் வேலை என்னென்ன, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, வாய் மூடிக் கேட்டோம். இரண்டு எந்திரங்களுக்கு அவர் ஒருவரே. சரக்கு அனுப்பும் நெருக்கடியில் அளக்க நேரமில்லாத வில்களுக்கும் பின்னர் உட்கார்ந்து அளவு எழுதியிருக்கிறார். பொறியாளர் அதனை உரிமையாளருக்கு எடுத்துரைத்தார். அந்நாள்களில் எங்களுக்கு வந்த வில்களைத் தனியே வைத்து மீண்டும் சோதித்தார்கள். பெரும்பாலானவை தேறின, தேறாத சிலவும் இருந்தன. மூன்று மாதங்கள் கழித்துச் சரிபார்க்கச் சென்றபோது, சோதனைக்கு மற்றோர் ஆள் நியமிக்கப்பட்டிருந்தார். பழைய இளைஞரும் வேலையில் இருந்தார். ஏட்டில் அடித்தல் இருந்தது. எண்ணெய்க் கறையும் இருந்தது. அதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம்.

பெருமக்களே, இவையெல்லாம் மேனாட்டார் வகுத்த விதிகள் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டா. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். கணக்குக் "காட்டுதல்" என்றே நாம் இன்றும் சொல்லுகிறோம். காட்டுவது குறைவன்று, காட்டச் சொல்வது அவமதிப்பும் அன்று.

ஆனால் நம் வழக்கம் எவ்வாறு இருக்கிறது? சங்கத்தின் வரவுசெலவு படிக்கப்படும்போது கைதட்டி ஏற்றுக்கொள்கிறோம். கேட்டால் செயலாளர் மனம் வருந்துவாரோ என்று அஞ்சுகிறோம். அவர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் துணிந்தே சொல்லுகிறோம்: கேளாமையால் அவர் சுமையைத் தனியே சுமக்கிறார். பிள்ளையிடம் "படித்தாயா?" என்கிறோம், "படித்தேன்" என்கிறான். அருகில் அமர்ந்து, "எங்கே, காட்டு" என்று அன்போடு சொன்னால், அவனுக்கு விளங்காத பாடம் எது என்பது நமக்கு விளங்கும். கேட்பவர் சினமின்றிக் கேட்க வேண்டும். காட்டுபவர் நாணமின்றிக் காட்ட வேண்டும். குறை கண்டால் இருவரும் சேர்ந்து அலமாரியை நகர்த்த வேண்டும்.

தாதா சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். அதற்குமுன் அவர் பிரிவை மீண்டும் தணிக்கை செய்யும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. தேநீர் அருந்தினோம். பிறகு எழுந்து, "தாதா, பின்வரிசையைக் காட்டுங்கள்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே விளக்கை எடுத்து முன்னால் நடந்தார்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!